ஹால்ட்டில் போர்த்திய பொன்னாடை

ஒரகடத்தில் வாடகை கட்டுப்படியாகாது என்று எங்கள் காண்ட்ராக்டர் ஆட்களைத் தெற்கே தள்ளி, செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதை ஓரத்தில் ஓர் ஊரில் தங்கவைத்திருந்தார். எட்டுப் பேருக்கு நாலு பாய். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போனதும் இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் அதே பாயில் படுப்பான். பாயில் சூடு ஆறாது. எனக்கு எப்போதும் இரண்டாம் ஷிப்ட். காலையில் பாயை விட்டுக்கொடுத்துவிட்டால் மதியம் கம்பெனி பஸ் வரும்வரை உட்கார இடம் கிடையாது. டீக்கடை பெஞ்சில் ஒரு டீக்கு எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும்? அப்படி அலைந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த ஹால்ட்டுக்குப் போனேன்.

இப்போது அது இல்லை. மூடிவிட்டார்கள். எதனால் மூடினார்கள் என்று ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் கூட இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

ஹால்ட் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத ஸ்டேஷன். சிக்னல் கிடையாது, கொடி காட்ட ஆள் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, அதன் கீழே இரண்டு சிமெண்ட் பெஞ்சு, பக்கத்தில் ஒரு சின்ன அறை, அறைக்கு ஒரு ஜன்னல். காலையில் இரண்டு வண்டியும் மாலையில் இரண்டு வண்டியும் நிற்கும். டிக்கெட் விற்பவர் ரயில்வே ஊழியர் அல்ல. செங்கல்பட்டில் போய் டிக்கெட் கட்டை வாங்கி வந்து ஜன்னலில் வைத்து விற்று, அதில் கிடைக்கும் கமிஷனில் வாழ்பவர். அந்த ஹால்ட்டில் அது ஓர் அக்கா.

நான் போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“டிக்கெட்டா?”

“இல்லக்கா. சும்மா உக்காந்துட்டுப் போறேன்.”

“எங்க போவணும்?”

“எங்கிட்டும் போகல.”

“எங்கிட்டுமா? தெக்கத்தி ஆளா நீ? எங்கியும் போவாம ஸ்டேஷனுக்கு வந்த மொத ஆளு நீதாம்பா.”

சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் எழுந்து போகச் சொல்லவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன், எர்ணாகுளத்தில் ஓட்டலில் பாத்திரம் தேய்த்திருக்கிறேன், ஓசூரில் கல் உடைத்திருக்கிறேன். எந்த இடத்திலும் ஓராண்டுக்கு மேல் கால் தங்கவில்லை. அந்த ஊரில் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டேன் என்றால் அதற்கு அந்த பெஞ்சுதான் காரணம்.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போய்விட்டது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டிருப்பார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சின்ன சர்ச்சை ஒட்டிய வீடுகளில் ஒன்று அவருடையது. தனியாக இருந்தார். வீட்டிலிருந்து டிக்கெட் அறைக்கு வருவதற்கு எந்த வண்டியும் ஏற வேண்டாம். அந்த ஊரில் அவரால் நடந்து போய்ச் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்.

அதற்கு முன்பு ஆவடிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறார். ஒரு நாள் அதைப் பற்றிச் சொன்னார்.

“சோறு போட்டாங்க. இல்லன்னு சொன்னா வாய் அழுவிப் பூடும். கொயந்தைங்கள பாத்துகினேன், சமைச்சேன், வாஷிங் மெஷின் பக்கத்துல படுத்துகினேன். ஆனா ஒரு வாய் டீ வோணும்னா அண்ணி மூஞ்ச பாத்துகினு நிக்கணும். நாப்பது வயசுல எனக்கு இன்னா வோணும்ன்ற? நானா பால் வாங்கி, நானா டீ போட்டு, நானா குடிக்கணும். அதுக்கு இந்த ஜன்னல் இருக்கணும்.”

“இருக்கும்க்கா. எங்க போகப்போகுது?”

“போச்சுன்னா மறுபடியும் வாஷிங் மெஷின்தான்.”

ஹால்ட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் டீக்கடையில் நான் கேட்டதும் சேர்ந்துதான் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் அங்கே வண்டி நிற்காது. ஊர்க்காரர்கள் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போய்த் திரும்பும்போது ஊர் வந்ததும் சங்கிலியை இழுத்துவிட்டுக் குதித்து ஓடியிருக்கிறார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். அபராதம் கட்டிவிட்டு வந்து மறுபடி இழுப்பார்கள். கடைசியில் ரயில்வேயே அலுத்துப்போய் ஹால்ட் கொடுத்தது. மேடைக்கு மண் போட்டது ஊர். வீட்டுக்கு ஒரு வண்டி மண் என்று ஏரியிலிருந்து கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் கொட்டினார்கள், ஆனால் கல்வெட்டில் அவர்கள் பக்கத்துப் பெயர் எதுவும் இல்லை என்று அக்கா சொன்னார். அந்தக் கல்வெட்டையும் பாதையை அகலமாக்கிய சமயத்தில் யாரோ பெயர்த்துப் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கம்பெனிகள் வந்தன. நிலம் போனது. நிலத்தில் விளைந்த கீரையும் வேர்க்கடலையும் போனதால் அவற்றை ஏற்றிக்கொண்டு போன பெண்களும் வண்டிக்கு வருவதை நிறுத்தினார்கள். கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கே வந்து ஆளை ஏற்றியது. ஆனாலும் காலை வண்டிக்கு ஆள் இருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், கடைகளில் வேலை செய்யும் பெண்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் பார்த்திருக்கிறேன். மேடை வெறுமையாக இருந்ததில்லை.

விஷயம் என்னவென்றால், அவர்களில் பெரும்பாலோர் சீசன் டிக்கெட் வைத்திருந்தார்கள். சீசன் டிக்கெட்டை ஹால்ட்டில் விற்க முடியாது. செங்கல்பட்டில் வாங்க வேண்டும். அங்கே வாங்கினால் விற்பனை செங்கல்பட்டின் கணக்கில்தான் சேரும். எங்கள் ஹால்ட்டில் ஏறுகிற ஆள் எல்லாம் காகிதத்தில் செங்கல்பட்டு ஆள். எங்கள் ஹால்ட்டுக்கு ஆளே இல்லை. அக்கா ஜன்னலிலிருந்து கெஞ்சுவார்.

“கண்ணு, ஒரு மாசம் பாஸ் எடுக்காதடி. இங்க டிக்கெட் எடு.”

“போக்கா. தெனம் எடுத்தா கட்டுமா? நீ கமிஷனுக்குக் கேக்கற.”

கமிஷனும் அதில் இருந்ததுதானே.

மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் அக்கா வண்டி ஏறி செங்கல்பட்டுக்குப் போனார். டிக்கெட் விற்பனையை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரு நாள் ஆளை அனுப்பி மேடையில் நின்று கண்ணால் பாருங்கள் என்று மேலதிகாரிகளிடம் கேட்டிருக்கிறார். நாலைந்து முறை அலைந்ததில் சரி என்றார்கள். ஓர் அதிகாரி வருவார், காலை வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று பார்ப்பார். அவர் பார்த்ததை எழுதித் தருவார். அதை வைத்து முடிவு.

திரும்பி வந்த அன்று அக்கா முகத்தில் களை வந்திருந்தது. இரண்டு பக்கத்துத் தெருக்களிலும் நடந்தே போய் வீடு வீடாகச் சொன்னார். நான் கூடப் போனேன்.

“அன்னிக்கு ஒரு நாளு எல்லாரும் வண்டில ஏறுங்க. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வந்துடுங்க. அவ்ளோதான். வேற ஒண்ணியும் வோணாம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டாதவர்கள் யாரும் இல்லை.

ஊரில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். நிலத்தை விற்ற பணத்தில் லாரிகள் வாங்கி கம்பெனிகளுக்குத் தண்ணீர் ஓட்டுபவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் மறுநாள் ஜன்னலுக்கு வந்தார்.

“இன்னாமா, ரயில்வே ஆபீசர் வர்றாராமே நம்ம ஊருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வோணாமா?”

“சொல்ல வந்தேங்க. நீங்க வூட்ல இல்ல.”

“சரி வுடு. வர்றவர சும்மா அனுப்பிச்சா ஊருக்கு மரியாதையா? அவரு மனசு குளுந்தாதான் நம்ம வேலை நடக்கும்.”

“மரியாதை வோணாங்க. ஆளு ஏறினா போதும்.”

“ஏறுவாங்கமா. ஏறாம எங்க போவாங்க? நீ டிக்கெட்ட குடு, மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் பக்கத்தில் எந்தக் காரியமும் பொன்னாடை இல்லாமல் நடந்து அவர்கள் பார்த்ததில்லை. கம்பெனி வந்தபோது மேனேஜருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், ஊர்ப் பையன்களுக்குக் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. ரோடு போட வந்தவருக்குப் போர்த்தினார்கள், கோயில் தெருவுக்குத் தார் கிடைத்தது. நிலத்தை எடுக்க வந்தவர்களுக்குக்கூடப் போர்த்தியிருக்கிறார்கள். யாராவது மேலே இருந்து வந்தால் மாலை, பொன்னாடை, போட்டோ. அதற்குப் பிறகு வேண்டியதைக் கேட்க வேண்டும். இதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. அதில் அவர்கள் தோற்றதும் இல்லை.

அந்தக் காலையில் நான் போனபோது மேடையே தெரியவில்லை. கொட்டகையின் மேல் அதிகாரியை வரவேற்று பெரிய பிளெக்ஸ். அதில் தண்ணீர் லாரிக்காரரின் முகம்தான் பெரிதாக இருந்தது, ரயில் ஓரமாக இருந்தது. மைக்செட்டில் அம்மன் பாட்டு. பேண்டு வாத்தியக்காரர்கள். சிவப்புத் துணி போர்த்திய நாற்காலிகள். ஓரத்தில் அண்டாவில் பொங்கல், வடை. ஊரில் பாதிப் பேர் லீவு போட்டு வந்திருந்தார்கள். கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் வேண்டா வெறுப்பாக வரவில்லை.

எல்லோரும் ஜன்னலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்களும் வாங்கினார்கள். சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டார்கள். அக்காவிடம் இருந்த கட்டு தீர்ந்துபோனது.

“தீந்துபோச்சுப்பா! ஊர்சுத்தி, உனக்குக் கடைசி டிக்கெட்டு. இந்தா புடி.” அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சின்ன வயதுக்காரர். பேண்டு சத்தத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருப்பார் போல. “வேண்டாங்க, நான் டியூட்டில இருக்கேன்” என்று சொல்லிப் பார்த்தார். இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் லாரிக்காரர் மைக்கைப் பிடித்தார். ஊரின் பெருமை, சங்கிலி இழுத்த வீரம், மண் சுமந்த தியாகம் எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். தூரத்தில் வண்டியின் ஹாரன் கேட்டது.

“வண்டி வர்து! எல்லாம் ஓரத்துக்கு வாங்க!” ஜன்னலிலிருந்து அக்கா கத்தினார்.

வண்டி மேடைக்குள் நுழைகிற நேரத்தில்தான் பொன்னாடையை விரித்தார்கள். அதிகாரி எழுந்து கைகூப்பி நின்றார். அவரைச் சுற்றி ஊர் நின்றது. போட்டோக்காரர் பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டு, இன்னும் கிட்ட வாங்க, இன்னும் கிட்ட வாங்க என்றார். வண்டி வந்து நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, இன்னா அவசரம்? ஆபீசருக்கு முதுக காட்டுவியா?” என்று கூட்டத்தில் யாரோ அதட்டினார்.

அவள் நின்றுவிட்டாள். மைக்கில் குரல் வந்தது. “யாரும் நகராதீங்க. போட்டோ எடுக்கறாங்க. ஒரு நிமிஷம் யாரும் நகராதீங்க.”

அந்த ஹால்ட்டில் வண்டி நிற்பதும் ஒரு நிமிஷம்தான்.

“ஏறுங்க! அய்யோ, ஏறுங்க! கர்த்தாவே, ஏறுங்களேன்!” அக்காவின் குரல் பேண்டு சத்தத்தில் எங்கே போனதோ. அவரை மேடைப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. அவர் ஜன்னலுக்குள்ளேயே இருந்தார். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “யோவ், நீயாவது ஏறுய்யா!”

ஓடிப்போய் ஏறினேன். வண்டி நகர்ந்தது.

கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஊர் மொத்தமும் எனக்கு முதுகு காட்டி நின்றது. எல்லோர் பையிலும் டிக்கெட். நடுவில் பொன்னாடையோடு அந்த அதிகாரி மட்டும் திரும்பி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணியிருப்பார். எண்ணுவதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன்.

பக்கத்தில் நின்றவர் கேட்டார். “இன்னா ஊர் சார் இது? திருவிழாவா?”

“ஆமாங்க” என்றேன்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து திரும்பி வந்தேன். வெயில் ஏறிவிட்டது. ஹால்ட்டில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வடை தின்றுகொண்டு எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

“எங்கடா போன நீ? பொங்கல் தீந்துபோச்சு.”

“ரயில்ல ஏறினேன்.”

“எதுக்கு?”

கேட்டவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். அதிகாரி பொன்னாடையை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார், இனி ஹால்ட்டை எவனும் தொட முடியாது என்று பேசிக்கொண்டார்கள். யாரும் ஏறவில்லையே என்றேன். அதான் டிக்கெட் எடுத்தோமே என்றார்கள்.

டிக்கெட் அறை ஜன்னல் சாத்தியிருந்தது. பின்பக்கக் கதவு வழியாகப் போனேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

“அந்த ஆபீசர் புள்ள போறப்ப எங்கிட்ட வந்துச்சு. அம்மா, இவ்ளோ டிக்கெட் வித்துருக்கு, ஏறினது ஒரே ஆளு, நான் இன்னான்னு எழுதறதுன்னு கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இன்னா சொல்றது? பாத்தத எழுதுங்க சாருன்னேன். அவரு கேட்ட கேள்வி புரியுதா உனக்கு? நானே காசு போட்டு டிக்கெட்ட கிழிச்சி நாடகம் ஆடறேன்னு நெனைக்கறாரு.”

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

உத்தரவு வந்தபோது மாம்பழ சீசன் முடிந்திருந்தது. அக்கா அதற்குப் பிறகு வாங்கிய டிக்கெட்டில் மீதியையும் தேதி குத்தும் மெஷினையும் செங்கல்பட்டிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். பெயர்ப் பலகையை இரண்டு பேர் கேஸ் வைத்து அறுத்து எடுத்தார்கள். ஊரில் சிலர் வந்து நின்று போனில் படம் எடுத்தார்கள். வண்டி நிற்காத முதல் நாள் காலையில் வழக்கமாக வருகிறவர்கள் வழக்கம்போல மேடைக்கு வந்தார்கள். சொல்லியிருந்தும் வந்தார்கள். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே நிற்காமல் போனது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, ஷேர் ஆட்டோவைத் தேடி ரோட்டுக்கு நடந்தார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கிழங்கள் போவதை நிறுத்திக்கொண்டார்கள்.

டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி ஆனது. யாராவது ஒருவர் மேல் பழி விழ வேண்டும். தண்ணீர் லாரிக்காரர் மேல் விழாது. பாதிப் பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள்.

“அந்தப் பொம்பள ஒழுங்கா டிக்கெட் வித்திருந்தா இப்டி ஆவுமா?”

“கமிஷன் கீது இல்ல, அதுல எதனா பண்ணிகினு இருந்திருக்கும்.”

“ஊரே கூடி அவ்ளோ பண்ணோம். கடைசில இன்னா ஆச்சு பாரு.”

நான் அங்கே இருந்தேன். இல்லை, அன்று ஆள் ஏறவில்லை, அதனால்தான் என்றேன். “நீ யாருய்யா வெளியூர்க்காரன், உனக்கு இன்னா தெரியும்?” என்றார்கள். அதுவும் சரிதான். உள்ளூர்க்காரன் சொல்லியிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். சங்கிலி இழுத்து வாங்கியதை மாலை போட்டு இழந்தோம் என்று எந்த ஊராவது ஒப்புக்கொள்ளுமா?

அக்கா சும்மா இருக்கவில்லை. எங்கள் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று நான் சொன்னதும் மறுநாளே தயாராக நின்றார். கம்பெனி பஸ்ஸின் முதல் படி அவர் முட்டிக்கு மேல் இருந்தது. ரயிலில் அவர் கதவில் பின்பக்கமாக உட்கார்ந்து உடம்பை மேலே தூக்கிக்கொள்வார். பஸ் படியில் அது நடக்கவில்லை. டிரைவர் பொறுமையாகத்தான் நின்றார். உள்ளே இருந்தவர்களுக்குக் கம்பெனியில் கார்டு பஞ்ச் செய்யும் நேரம் தப்பிவிடும். யாரோ “போலாம் ரைட்” என்றார். அக்காவே படியை விட்டு விலகி, “போங்கப்பா, நேரமாவுது” என்றார். காண்ட்ராக்டரிடம் கேட்டேன். ஒரு ஆளுக்காகத் தனி வண்டியா என்றார். அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றுப் பார்த்தார். கடைகளில் பாக்கெட் மாவு வந்துவிட்ட ஊர் அது. சர்ச்சில் ஒரு மாதம் அரிசி கொடுத்தார்கள். அடுத்த மாதம் கொடுத்தபோது, யார் யாருக்குக் கொடுக்கிறோம் என்று மைக்கில் வாசித்தார்களாம். அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

நான் அப்போதும் காலையில் அந்த பெஞ்சில்தான் போய் உட்கார்ந்தேன். எனக்கு வேறு இடம் இல்லை. வண்டிகள் முழு வேகத்தில் போகும். போகும்போது கொட்டகையின் தகரம் அதிரும். பிறகு தகரத்தையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் அண்ணன் குட்டி யானை லோடு வண்டியோடு வந்தார். நல்ல மாதிரியான மனிதர். என்னிடம்கூட மரியாதையாகப் பேசினார். சாமான்களை நானும் அவரும் ஏற்றினோம். அதிகம் இல்லை. நடுவில் அண்ணிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்.

“கட்டில் வோணாம். எங்க போடறது? அந்த கேஸ் ஸ்டவ்வும் வோணாம், இங்கதான் கீதே” என்றது போனில் வந்த குரல்.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா, “வோணாம்னா வுட்டுடுண்ணா” என்றார். கட்டிலை ஏற்றாமல் விட்டு, ஸ்டவ்வை இறக்கி வைத்தேன். பால் பாத்திரத்தை அக்காவே இறக்கி ஸ்டவ்வின் மேல் வைத்தார்.

தெருவில் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

“நீ எவ்ளோ நாளு இங்க இருப்ப?”

“தெரியலக்கா. அடுத்த மாசம் எங்கிட்டாவது போவேன்.”

“எங்க?”

“அது இன்னும் முடிவு பண்ணல.”

“குடுத்து வெச்சவன்யா நீ” என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. எட்டுப் பேரோடு நாலு பாயில் முறைவைத்துப் படுப்பவனை, சொந்தமாக ஒரு பை மட்டும் வைத்திருப்பவனைப் பார்த்துப் பொறாமையோடு சொன்னார். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

அண்ணன் வண்டியைக் கிளப்பினார். அன்று எனக்கு ஓவர்டைம் இருந்தது. ஸ்டவ்வைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறப் போனேன்.